அந்தக் கட்டில் ஈட்டிதானா?

மாதக் கடைசியில் பெங்களூரின் அடுகோடி, கோரமங்களா, வில்சன் கார்டன் பக்கம் வீடு காலி செய்கிறவர்கள் அதிகம். வேலை மாறி ஐதராபாத் போகிறவர், குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புகிறவர், அப்பா கட்டிய வீட்டை அடுக்ககத்துக்குக் கொடுத்துவிட்டவர் என்று ஆளுக்கொரு காரணம். கட்டில், சாப்பாட்டு மேசை, ஈஸி சேர் எல்லாம் விற்பனைக்கு வரும். அவற்றில் கொஞ்சம் கருத்துப் பளபளப்பாக இருப்பவை அத்தனையும் ரோஸ்வுட் என்றே விலை பேசப்படும். பழைய சாமான் கடைக்காரர் "பங்களா சாமான் சார், பழைய ரோஸ்வுட்" என்பார். புதுக் கடைக்காரர் ஒருபடி மேலே போய் "பியூர் ரோஸ்வுட், கேரண்டி" என்பார். பேரம் முடிந்து வண்டியில் ஏற்றிய பிறகு வீட்டுக்கு வரும் மாமனார்தான் காலைத் தட்டிப் பார்த்து, "இது ஈட்டி மாதிரி தெரியலியே மாப்பிள்ளை" என்று ஆரம்பிப்பார். அந்தப் பேச்சைப் பணம் கொடுப்பதற்கு முன்பே நீங்கள் பேசிவிட முடியும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு புது பிளேடு, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் அந்த லென்ஸ், பெங்களூரில் பேட்டைப் பக்கம் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.

எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தை. ஏமாறுவதும் அங்கேதான். எந்த ஹார்டுவேர் கடையிலும் ஸ்டெயினர் டப்பாக்களை வால்நட், டீக், ரோஸ்வுட் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். வெளுத்த ரப்பர் மரத்தில் அதை இரண்டு கை இழுத்து, மேலே மெலமைனோ பி.யு.வோ அடித்துவிட்டால் மரம் கருஞ்சிவப்பாகிவிடும். பில்லில் 'ரோஸ்வுட் ஃபினிஷ்' என்று எழுதியிருப்பார்கள். பிறகு போய்க் கேட்டால், நிறத்தைத்தானே விற்றேன் என்று கடைக்காரர் கையை விரிப்பார். சட்டப்படி அவர் சொல்வதிலும் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் தருமபுரி ஆசாரி ஒருவர் இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்: "மேலே பாலிஷைப் பார்க்காதீங்க சார், காலைத் தூக்கிப் பாருங்க." பாலிஷ் எட்டாத இடங்கள் எல்லா மரச்சாமானிலும் உண்டு. கால்களின் அடி, இழுப்பறையின் பின்பலகை, கட்டில் சட்டத்தின் உள்பக்கம், திருகாணி கழன்ற துளை. மரம் தன்னைக் காட்டிக்கொடுப்பது அங்கேதான்.

எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தென்னிந்தியாவில் நேற்றுவரை ரோஸ்வுட் என்று சொன்னால் ஒரே மரம்தான்: தாவரவியலில் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. தமிழில் ஈட்டி அல்லது தோதகத்தி, கன்னடத்தில் பீட்டே, மலையாளத்தில் வீட்டி. குடகு, சிக்மகளூர், ஹாசன், வயநாடு, கூடலூர், ஆனைமலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய காடுகளில் நன்றாக வளரும். குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் நிழல் மரமாகவும் நிற்பதைப் பார்க்கலாம். மெதுவாக வளர்கிற மரம். நல்ல வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வைரத்தின் நிறம் பொன்பழுப்பில் தொடங்கி ஊதா கலந்த கரும்பழுப்பு வரை போகும். அதன் ஊடே கருவரிகள் ஓடும். வெளிப்புறத்து வெளிறு மட்டும் மஞ்சள் சாய்ந்த வெள்ளை. வைரமும் வெளிறும் சேரும் இடம் கத்தியால் கிழித்தது போல் கூர்மையாக இருக்கும். அறுத்த புதிதில் ஊதா தூக்கலாகத் தெரியும். வெளிச்சம் பட்டு வருடங்கள் போகப் போக அந்த ஊதா மங்கி, பழுப்பு மேலேறும். ஆகவே அறுபது வருடத்து நாற்காலி ஊதாவாக இல்லையே என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. அறுபது வருடம் பழசு என்று சொல்லப்படுவது பளிச்சென்று சீராக ஊதாவாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது குழப்பத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். அதன் பெயர் ஷீஷம். தாவரவியலில் டால்பெர்ஜியா சிஸ்ஸூ. ஈட்டிக்கு உடன்பிறப்பு, ஒரே குலம். இமயமலை அடிவாரத்து ஆற்றங்கரைகளில் இயல்பாக வளர்வது. வட இந்தியாவில் சாலையோரமும் வாய்க்கால் ஓரமும் நட்டு வளர்த்திருக்கிறார்கள். ஈட்டியைவிட வேகமாக வளரும், விலையும் குறைவு. ஜோத்பூரிலும் சஹாரன்பூரிலும் செய்து இணையத்தில் விற்கப்படும் கட்டில்களும் சோபாக்களும் பெரும்பாலும் இந்த மரத்தில்தான். ஆங்கிலத்தில் இதற்கும் இந்தியன் ரோஸ்வுட் என்ற பெயர் உண்டு. அதனால் விற்கிறவர் அப்படி எழுதினால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டி வீட்டு ஈட்டிக் கட்டிலை மனதில் வைத்துக்கொண்டு அதை வாங்குகிறவருக்குக் கிடைப்பது வேறு மரம். ஷீஷம் மோசமான மரமும் அல்ல. கெட்டியானது, வைரம் நன்றாக உழைக்கும், ரேகை அழகு. ஷீஷத்தை ஷீஷம் விலைக்கு வாங்கினால் யாரும் ஏமாறவில்லை. ஈட்டி விலைக்கு வாங்கினால்தான் வயிறு எரியும்.

இன்னும் தூரத்தில் வேறு ரோஸ்வுட்கள் இருக்கின்றன. பிரேசிலின் டால்பெர்ஜியா நைக்ராதான் ஒரு காலத்தில் கிதார் செய்கிறவர்களின் கனவு மரம். பிரேசில் அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, அமெரிக்காவின் மார்ட்டின் கிதார் நிறுவனம் 1969 வாக்கில் நம் ஈட்டிக்கு மாறியது. இன்று உலகின் பல நல்ல கிதார்களின் முதுகிலும் பக்கங்களிலும் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை மரம்தான். இந்தோனேசியாவின் ஜாவாவிலும் இதே மரம் வளர்கிறது. அங்கே சோனோகெலிங் என்பார்கள். 'ஆப்பிரிக்க ரோஸ்வுட்' என்று விற்கப்படுவதில் பெரும்பங்கு டால்பெர்ஜியாவே அல்ல. நம் வேங்கையின் உறவினரோ, புபிங்கா என்ற முற்றிலும் வேறான மரமோதான். அடுகோடிக் கடையில் 'பர்மா ரோஸ்வுட்' என்று காதில் விழுந்தால், அது மரத்தின் பெயரா விலையின் பெயரா என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். பர்மா என்ற சொல்லுக்குத் தேக்கு வியாபாரத்தில் இருக்கும் மதிப்பை மற்ற மரங்களுக்கும் ஒட்டவைப்பது பழைய பழக்கம்.

சரி, சாமானுக்கு முன்னால் உட்காருங்கள். முதல் வேலை, இது கெட்டி மரமா, மேலே ஒட்டிய வெனீரா என்று பார்ப்பது. அரை மில்லிமீட்டர் தடிமனில் சீவிய ஈட்டித் தகட்டை ப்ளைவுட் மேலேயோ எம்.டி.எஃப். மேலேயோ ஒட்டுவது சாதாரணம். அதில் மேல் முகம் நிஜமான ஈட்டியாகவே இருக்கும். நிறம், ரேகை எல்லாப் பரீட்சையிலும் பாஸாகிவிடும். காட்டிக்கொடுப்பது ஓரம். மேசைப் பலகையின் மேல் முகத்தில் ஓடும் கருவரியை விரலால் தொடர்ந்து கொண்டே ஓரத்துக்கு வாருங்கள். கெட்டி மரமானால் அந்த வரி ஓரத்தில் மடங்கிக் கீழே இறங்கும், பலகையின் முனையில் அதே வரியின் குறுக்குவெட்டு தெரியும். வெனீரானால் வரி ஓரத்தில் சட்டென்று நின்றுவிடும். பக்கவாட்டில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். பலகையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். மேலே இருக்கும் முடிச்சு கீழேயும் அதே இடத்துக்கருகில் வர வேண்டும். மேலே ஒரு காடு, கீழே வேறு காடு என்றால் நடுவில் பசை இருக்கிறது. இரண்டு கதவுள்ள அலமாரியில் இரு கதவுகளின் ரேகையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாக அச்சாகப் பொருந்தினாலும் வெனீராக இருக்கலாம். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தகடுகளைப் புத்தகம்போல் விரித்து ஒட்டுவது அந்தத் தொழிலின் அலங்காரம். பழைய நல்ல வெனீர் சாமான்களும் உண்டு, அவை இழிவானவை அல்ல. விலைதான் வேறு.

பலகையின் அகலமும் ஒரு தடயம். அந்தக் காலத்து ஈட்டி மேசைகளில் ஒரே பலகை நல்ல அகலத்தில் கிடக்கும். பெரிய மரங்கள் காட்டில் இருந்த காலம் அது. இன்றைய ஷீஷம் மேசையைக் கீழிருந்து பார்த்தால் மூன்று நான்கு அங்குலப் பட்டைகளை வரிசையாக ஒட்டிச் சேர்த்திருப்பது தெரியும். பட்டை ஒவ்வொன்றும் வேறு நிறமாக இருப்பதைச் சமப்படுத்தத்தான் மேலே ஸ்டெயினர். இது மட்டுமே தீர்ப்பல்ல. இப்போது புதிதாக ஈட்டியில் செய்கிறவர்களும் கிடைத்த துண்டுகளைத்தான் சேர்க்கிறார்கள்.

அடுத்தது கீறல். நாற்காலிக் கால்கள் தரையில் இழுபட்டுத் தேய்ந்திருக்கும். அங்கே பாலிஷ் போய் வெறும் மரம் தெரியும். உள்ளே வெண்ணெய் நிறத்தில் இருந்தால் பேச்சே வேண்டாம், சாயம் பூசிய ரப்பர் மரமோ வேறு வெள்ளை மரமோ. தேய்ந்த இடமும் கருமையாகவே இருந்தால் மேலே போகலாம். திருகாணி ஒன்று கழன்றிருந்தால் இன்னும் நல்லது. துளைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டு மெல்லத் திருகினால் தூள் கொஞ்சம் வெளியே வரும், அதை வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். ஈட்டித் தூள் ஊதா கலந்த கரும்பழுப்பு. ஷீஷத்தின் தூளில் ஊதா இல்லை, வெறும் பழுப்பு. தேக்கின் தூள் மஞ்சளோடியது. இதற்கு எந்தப் பாலிஷும் தடையில்லை என்பதால் எனக்குப் பிடித்த பரீட்சை இது.

பழைய வெளிறு ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் கவனியுங்கள். நல்ல ஆசாரிகள் ஈட்டியின் வெளிறைச் செதுக்கித் தள்ளிவிடுவார்கள்; பூச்சி அரிப்பது அதைத்தான், வைரத்தை அவ்வளவு எளிதில் தொடாது. ஆனால் உள்பக்கச் சட்டங்களில் ஓரமாக ஒரு வெள்ளைப் பட்டையை விட்டுவைத்திருப்பது உண்டு. வெள்ளையும் கருமையும் கோடு போட்டுப் பிரிந்திருந்தால் அது சாயம் பூசிய மரமல்ல. பொடிப்பொடியான பூச்சித் துளைகள் வெள்ளையில் மட்டும் இருந்து கருமையில் நின்றுபோயிருந்தால், விற்கிறவரே அறியாமல் கொடுத்த சான்றிதழ் அது.

அடுத்து, முக்கியமாக, குறுக்குவெட்டு. கட்டில் காலின் அடியில் ஒரு பொட்டு இடத்தை உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு தேர்ந்தெடுங்கள். புது பிளேடால் ஒரே இழுப்பில் மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். சுரண்டினால் நார்கள் நசுங்கி ஒன்றும் தெரியாது. ஈட்டி பிளேடை எதிர்க்கும். அதன் உடலில் சில இடங்களில் சுண்ணாம்பு போன்ற படிவுகள் இருக்கும், அவை பட்டால் இழைப்புளியின் இரும்பே மழுங்கும். சீவிய இடத்தை நாக்கில் தொட்ட விரலால் ஈரப்படுத்தி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, சாமானை நோக்கிக் குனியுங்கள். லென்ஸைச் சாமான் மேல் வைத்துக் கண்ணைத் தூரத்தில் வைத்தால் எதுவும் தெளியாது. முதல் தடவை பிடிக்கிற எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

தெரிவது இது. வெறும் கண்ணுக்கே புலப்படும் துளைகள், நெருக்கமில்லாமல் பரவிக் கிடக்கும். சிலவற்றுக்குள் கருத்த பிசின் உறைந்து நிற்கும். துளையைச் சுற்றி வெளிறிய திசு இரு பக்கமும் இறக்கைபோல் நீண்டு, பக்கத்துத் துளையின் இறக்கையைத் தொட்டு, நெளிநெளியான மெல்லிய வெள்ளைக் கோடுகளாக மாறும். அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே, மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி, தலைமுடியைவிட மெல்லிய கதிர்க் கோடுகள் நெருக்கமாக ஓடும். இந்த மூன்றும் சேர்ந்த அமைப்பை ஒரு முறை நிச்சயமான ஈட்டியில் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு மறக்காது. உங்கள் ஊரில் பழைய ஈட்டிச் சாமான் ஏதாவது இருந்தால், வாங்கப் போவதற்கு முன் அதன் காலடியைப் பார்த்துவிட்டுப் போவது நல்ல தயாரிப்பு.

இன்னொரு அடையாளம் குறுக்குவெட்டில் அல்ல, பலகையின் முகத்தில். மரத்தின் பட்டைக்கு இணையாக அறுத்த பலகையைச் சாய்வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், ரேகைக்குக் குறுக்காக ஒரே சீரான இடைவெளியில் மிக நுண்ணிய படுக்கைவரிகள் தெரியும். காற்று மணலில் விட்டுப்போன வரிகளைப்போல. கதிர்த் திசுக்கள் எல்லாம் மாடி மாடியாக ஒரே உயரத்தில் அடுக்கப்பட்டிருப்பதால் வருவது இது. டால்பெர்ஜியா குலத்தில் இந்த வரி உண்டு. வாகையில் கிடையாது, தூங்குமூஞ்சியில் கிடையாது, ரப்பர் மரத்திலும் கிடையாது. ஆகவே படுக்கைவரி இல்லாத மரத்தை யார் ரோஸ்வுட் என்று சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டியதில்லை. வரி இருந்தால் மட்டும் போதாது, ஏனென்றால் வேங்கைக்கும் அது உண்டு.

வேங்கையை விலக்க ஒரு அழகான வழி இருக்கிறது. அதன் வைரச் சீவல் கொஞ்சத்தைத் தண்ணீரில் ஊறவைத்தால், பழுப்பேறிய தண்ணீரை வெயிலில் சாய்த்துப் பிடிக்கும்போது ஓரங்களில் நீலம் ஒளிரும். சர்க்கரை நோய்க்கென்று விற்கும் வேங்கைமரக் குவளையில் இரவில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பார்த்தவர்களுக்கு இந்த நீலம் தெரிந்திருக்கும். நோய்க்கு உதவுமா என்பது வேறு விஷயம். மரத்தை அடையாளம் காண உதவும்.

பெங்களூரில் ஈட்டி வேடம் போடும் மரங்களில் தூங்குமூஞ்சியை நான் முதலில் சொல்வேன். நகரின் சாலைகளில் குடைவிரித்து நிற்கும் அந்த மரம் விழும்போதும் வெட்டப்படும்போதும் மரவாடிகளுக்கு வருகிறது. அதன் வைரம் நல்ல கரும்பழுப்பு, வரிகளும் உண்டு, வெளிறு பளிச்சென்ற வெள்ளை. பாலிஷ் போட்டால் தூரத்திலிருந்து ஏமாற்றும். தூக்கினால் மாட்டிக்கொள்ளும், லேசான மரம். துளைகளும் கரடுமுரடாகப் பெரியவை, பாலிஷ் மேலேயே குழிகள் தெரியும். கருவாகை இன்னும் கெட்டிக்காரன்: நிறம், எடை, வரி எல்லாம் ஈட்டிக்குப் பக்கத்தில் வரும். அதைப் பிரிக்கத்தான் மேலே சொன்ன படுக்கைவரி வேண்டும். கருவேலமும், தோட்டங்களில் வளர்த்து 'அகேசியா' என்று விற்கப்படும் மரங்களும் சிவப்பேறிய பழுப்பு. சாயம் பூசினால் ஒழிய ஊதா வராது.

எடையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. நிஜ ரோஸ்வுட் தண்ணீரில் மூழ்கும் என்பார்கள். காய்ந்த ஈட்டி சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 830 கிலோ அளவில் இருக்கும். தண்ணீர் 1000 கிலோ. ஆகவே அது மிதக்கும். மூழ்குவது செம்மரம். கன அடிக் கணக்கில் சொன்னால் ஈட்டி சுமார் 23 கிலோ, ஷீஷம் 22 கிலோவுக்குள், தேக்கு 18 முதல் 19 கிலோ, ரப்பர் மரம் 17 கிலோ வாக்கில். மரத்துக்கு மரம் கூடும் குறையும். தேக்கையும் ரப்பரையும் கழித்துக்கட்ட இந்த வித்தியாசம் போதும். ஷீஷத்தை ஈட்டியிலிருந்து பிரிக்கப் போதாது. "நாலு பேர் வேணும் தூக்க" என்று கடைக்காரர் பெருமைப்படுவது கட்டிலின் அளவைச் சொல்கிறது, மரத்தைச் சொல்லவில்லை.

வாசனையும் இதே மாதிரி அரைச் சாட்சிதான். ஈட்டியை அறுக்கும்போது மெல்லிய இனிய மணம் வரும். ரோஸ்வுட் என்று பெயர் வரக் காரணமே அந்த மணம். நாற்பது வருடம் நின்ற சாமானில் மேலே மணம் இருக்காது. மறைவான இடத்தில் உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்து உடனே முகர்ந்தால் கொஞ்சம் பிடிக்கலாம். தூளை நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள். டால்பெர்ஜியா தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். தொடர்ந்து இழைக்கும் ஆசாரிகளில் சிலருக்கு அதனாலேயே ஈட்டி ஒவ்வாமல் போனதுண்டு. சிலர் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். பாலிஷ் இல்லாத ஈட்டியில் பஞ்சு ஊதாப் பழுப்பாகும், அது உண்மை. ஆனால் ஸ்டெயினர் பூசிய மரத்திலும் பஞ்சு நிறமேறும். அரக்கில் செய்த பழைய ஸ்பிரிட் பாலிஷ் மேல் தேய்த்தால் பாலிஷே கரைந்து தழும்பு விழும். தெரியாதவர் கையில் இது வேண்டாம்.

பழமை ஒரு ஆதாரமா என்று கேட்பார்கள். ஓரளவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாயில் ஐரோப்பியர்களுக்காக நுணுக்கமாகச் செதுக்கிச் செய்த கறுப்பு நாற்காலிகளும் மேசைகளும் 'பம்பாய் பிளாக்வுட்' என்று பெயரெடுத்தன. மரம் நம் ஈட்டிதான். பெங்களூர் கன்டோன்மென்ட் பங்களாக்களில் இருந்த சாமான்களிலும் ஈட்டி நிறைய. பிரம்பு பின்னிய இருக்கை, நீண்ட கைப்பிடிகள் கொண்ட சாய்வு நாற்காலிகள் இன்றும் கண்ணில் படுகின்றன. மைசூர் அரண்மனையின் அம்பா விலாஸ் மண்டப வாசலில் தந்தம் பதித்த ஈட்டிக் கதவைப் பார்க்கலாம். அந்தப் பதிப்பு வேலை மைசூரின் மண்டி மொஹல்லா பக்கம் இன்றும் நடக்கிறது. 'மைசூர் ரோஸ்வுட் இன்லே' என்று புவிசார் குறியீடும் பெற்றது. தந்தத்துக்குத் தடை வந்த பிறகு வெள்ளைப் பகுதிகளுக்குப் பிளாஸ்டிக்கும் வெளிர்நிற மரங்களும் வந்துவிட்டன. பதிப்புப் படம் வாங்கும்போது சட்டத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். முன்னால் ஈட்டி, பின்னால் ப்ளைவுட் என்பது அங்கேயும் நடக்கும். பழைய பாணியில் புதிதாகச் செய்த சாய்வு நாற்காலியும் சந்தையில் தாராளம். அதன் திருகாணிகள் நட்சத்திரத் தலையோடு பளபளத்தால் பங்களாக் கதையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தபின் நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது, இது டால்பெர்ஜியாவா இல்லையா என்பதுதான். ஈட்டியா ஷீஷமா என்பதில் தூளின் நிறம், ஊதாச் சாயல், பலகையின் அகலம் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். முரண்பட்டால் சந்தேகம் நிற்கும். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி வைத்துப் பார்க்கிறவர்களுக்கே ஒரு குலத்துக்குள் இனத்தைப் பிரிப்பது கடினம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் ஆஷ்லாந்தில் உள்ள வனவிலங்குத் தடயவியல் கூடம், மரச் சீவலின் வேதிப்பொருள்களை நிறைமாலை அளவியில் படித்து டால்பெர்ஜியா இனங்களைப் பிரிக்கும் முறையை வளர்த்திருக்கிறது. சுங்கத்தில் பிடிபடும் சரக்குக்கு அது தேவை. உங்கள் கட்டிலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

மல்லேஸ்வரம் பதினெட்டாவது கிராஸ் போதும். மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே இருக்கிறது. மைசூர் மகாராஜா காலத்தில் 1938-இல் வன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கியது. அடையாளம் தெரிந்த மரத்துண்டுகளைப் பெயரோடு சேர்த்து வைத்திருக்கும் மர நூலகம் அங்கே உண்டு. கட்டணத்துக்கு மாதிரியைச் சோதித்து எழுத்தில் சொல்கிறார்கள். எவ்வளவு பெரிய துண்டு வேண்டும், எத்தனை நாளாகும் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இருபதாயிரத்துக் கட்டிலுக்கு இது அதிகப்படி. இரண்டு லட்சம் சொல்லும் சாப்பாட்டு மேசைக்கு விற்பவரிடமே, சோதித்துப் பார்த்து வாங்குகிறேன், சம்மதமா என்று கேளுங்கள். அவர் முகம் போகும் போக்கில் பாதி முடிவு தெரிந்துவிடும்.

விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் பட்டியலில் ஈட்டி அழிவாய்ப்புள்ள இனம். தமிழ்நாட்டில் இந்த மரத்துக்கென்றே 1994-இல் தனிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். கர்நாடகத்திலும் கேரளத்திலும் சொந்த நிலத்தில் நிற்கும் ஈட்டியை நினைத்தபடி வெட்ட முடியாது. வயநாட்டின் முட்டில் கிராமத்தில், 2020 அக்டோபரில் வந்த ஒரு அரசாணையைச் சாக்காக வைத்துப் பட்டா நிலங்களின் பழைய ஈட்டிகளை வெட்டிய விவகாரம் 2021-இல் வெடித்து, கேரள அரசியலையே உலுக்கியது. ஆகவே புதிதாகச் செய்த ஈட்டிச் சாமான் மலிவாகக் கிடைத்தால் ஒன்று மரம் பொய், இல்லையென்றால் மரம் வந்த வழி கோணல். செய்து கொடுக்கிறவரிடம் மரத்துக்கான வனத்துறை டிப்போ ரசீது கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஒழுங்காக ஏலத்தில் எடுத்தவர் தயங்காமல் காட்டுவார்.

வெளிநாடு போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2017 ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா குலம் முழுவதும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. பிரேசில் மரம் மட்டும் 1992-இலேயே இன்னும் கடுமையான முதல் பின்னிணைப்புக்குப் போய்விட்டது. ஈட்டியும் ஷீஷமும் இதில் ஒன்றுதான், மலிவான மரம் என்று ஷீஷத்துக்குச் சலுகை கிடையாது. செய்து முடித்த சாமான்களுக்கு 10 கிலோ வரை விலக்கு உண்டு. இசைக்கருவிகளுக்கு 2019-இல் தனி விலக்கு கொடுத்தார்கள், அதனால் கிதார் தப்பித்தது. தாத்தாவின் கட்டில் தப்பாது. கப்பலில் ஏற்றுவதற்கு முன் பேக்கிங் ஆட்களிடம் அல்ல, அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் கேளுங்கள்.

உள்ளூரிலேயே வைத்துக்கொள்கிறவருக்குப் பில் போதும். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். 'ரோஸ்வுட்' என்ற சொல் மட்டும் இருந்தால் அது எந்த மரத்துக்கும் பொருந்தும். 'ஈட்டி, கெட்டி மரம்' என்றோ 'பீட்டே, சாலிட்' என்றோ எழுதித் தரச் சொல்லுங்கள். கன்னடத்தில் எழுதினாலும் சரிதான். முடியாது என்பவரிடம், ஷீஷம் என்று எழுதுவீர்களா என்று கேளுங்கள். அதற்குச் சம்மதித்தால் சாமானை வேண்டாமென்று தள்ளிவிட்டு வர வேண்டியதில்லை. ஷீஷத்தின் விலையிலிருந்து பேரத்தை மறுபடி தொடங்குங்கள்.